அரை அங்குலம்

மெட்ரோ தூணின் நிழல்
மூன்று மணிக்கு வாசலில் வந்து விழும்
திருவொற்றியூர் நெடுஞ்சாலைக் கடை என்னுடையது.
ஜெராக்ஸ், லேமினேஷன், ஆதார் திருத்தம்.
மனு எழுத நாற்பது ரூபாய்.
இந்த மனுவுக்கு வாங்கவில்லை.

'எண்ணூர் விரைவுச் சாலையைக் கடக்க
சிக்னல் வேண்டி' என்று அடித்து,
கீழே ஐந்து கலம் போட்டேன்.
எண். பெயர். தந்தை அல்லது கணவர் பெயர்.
தொழில். கையொப்பம்.
தொழிலுக்கு அரை அங்குலம்.
'இல்லத்தரசி' என்றால் கச்சிதமாக அடங்கும்.
அளந்து வைக்கவில்லை,
கை அப்படிப் பழகியிருந்தது.

முதலில் ஜெசிந்தா, காசிமேட்டிலிருந்து.
"ஏலம் கூவுறேன்னு எழுதவா,
ஞாயித்துக்கெழம கோயில்ல
கிடார் வாசிக்கிறேன்னு எழுதவா?"
எதில் காசு வருதோ அதை எழுது என்றேன்.
"தடைக்காலம்டி இது.
ஜூன் பதினஞ்சு வரைக்கும் அத்த காலியா வுடு."

ஷம்ஷாத் பேனாவை வாங்கி
வெகு நேரம் வைத்துக்கொண்டிருந்தாள்.
துறைமுகத்தில் ஆறு மாடி உயரத்தில் அவள் இருக்கை.
கால் நடுவே கண்ணாடித் தரை,
அதற்குக் கீழே எறும்பு மாதிரி லாரிகள்.
"நான் எறக்கி வெக்கிற பெட்டிதானேக்கா
இந்த ரோட்ட அடைக்குது.
நான் போடலாமா?"
யாரும் பதில் சொல்லவில்லை.
போட்டாள்.
'கிரேன் ஆபரேட்டர்' கோட்டைத் தாண்டி
கையொப்பத்தின் மேல் ஏறி நின்றது.

பரிமளா வந்தபோது பின்னாலேயே பதினோரு பெண்கள்,
முழங்காலில் வியாசர்பாடி மண்.
விடியலில் தெரு பெருக்குகிறவள்
சாயங்காலம் இவர்களுக்குப் பந்து பழக்குகிறாள்.
பதினெட்டு ஆகாத கையெழுத்து செல்லாது என்றேன்.
"சாவறதுக்கு மட்டும் வயசு பாக்குதா லாரி?"
தாளின் பின்பக்கத்தில் போட்டார்கள்,
பெயருக்குப் பக்கத்தில் அவரவர் ஜெர்சி எண்ணோடு.
கோல்கீப்பர் மட்டும் இரண்டு முறை.

மல்லேஸ்வரி ஸ்டான்லியிலிருந்து
நைட் டியூட்டி முடிந்து நேராக வந்திருந்தாள்.
பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தபடியே தூங்கினாள்.
எழுந்து, தொழில் கட்டத்தில்
5.40 என்று எழுதினாள்.
போன மாதம் அந்தப் பையனைத் தூக்கி வந்தபோது
கேஷுவாலிட்டி கடிகாரம் காட்டிய நேரம்.
நான் திருத்தச் சொல்லவில்லை.

இரவு, ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு
கம்ப்யூட்டரில் கலத்தின் கோட்டை இழுத்தேன்.
வலப்பக்கம் இடமில்லை.
இடப்பக்கம் இருந்தது,
தந்தை அல்லது கணவர் பெயர்.
அழிப்பதற்கு முன் ஒரு நிமிடம்
என் வீட்டுக்காரரை நினைத்துக்கொண்டேன்,
நல்ல மனிதர்தான்.
அப்புறம் அழித்தேன்.
தொழில் ஆறு விரல் அகலமாயிற்று.
மறுபடி வீடு வீடாகப் போய்
கையெழுத்து வாங்க நான்கு நாள்.

மண்டல அலுவலகத்தில்
கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு கேட்டார்:
"ஒரு காலம் கொறையுதேம்மா?"
பரிமளா சொன்னாள்,
"ரோட்ட கடக்கறது நாங்க சார்."
அவர் மல்லேஸ்வரியின் கட்டத்தில் விரல் வைத்து
இது என்ன என்றார்.
அவள் சொன்னாள்.
சீல் வைத்துக் கொடுத்தார்.

என் வரிசை முப்பத்தி ஒன்று.
'ஜெராக்ஸ் கடை' என்று எழுதி
ஒரு காற்புள்ளி வைத்திருந்தேன்.
கேரம் ஆடுவேன், மாவட்ட அளவில்,
ஒரு காலத்தில்.
எழுதக் கூச்சமாக இருந்தது.

ஜூன் பதினாறு, காலை ஒன்பது.
சிக்னல் இன்னும் வரவில்லை.
இரண்டு பேர் வந்து சாலையை அளந்துவிட்டுப் போனதாகச் சொன்னார்கள்.
ஜெசிந்தா ஈரக் கையோடு வந்தாள், குரல் சுத்தமாகக் கட்டியிருந்தது.
"என் கட்டத்த குடு."
மனு போய்விட்டது, நகல்தான் இருக்கிறது என்றேன்.
"பரவால்ல, குடு."
எழுதினாள். மை பரவிற்று.
கிடார் என்ற சொல்லின் மேல்
ஒரு வஞ்சிரச் செதில் ஒட்டியிருந்தது.
கண்டெய்னர் ஒன்று போக, கதவு நடுங்கியது.
செதில் அசையவில்லை.